வார்டு வாசலில் கேட்கும் ஐந்து சொற்கள்

(மூத்தோருக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவரும் அல்ல, தாதியும் அல்ல. மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரத் தகவல்களைத் தமிழில் எழுதும் மொழிபெயர்ப்பாளர். வீட்டில் ஒருவர் பலத்த காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும்போது நம் காதில் விழும் ஐந்து மலாய்ச் சொற்களைப் பற்றி இன்று பேசுகிறேன். அவற்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி பயம் குறையும். செய்ய வேண்டியதும் தெரியும்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நம் பிள்ளைகள் எத்தனை பேர் தினமும் மோட்டார்சைக்கிளில் போய் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். பிழைத்தவர்களுக்கு மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். அருகில் துணையாக நிற்பது பெரும்பாலும் நீங்கள்தான்.

1. மேரா

மேரா என்றால் சிவப்பு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையானாலும், ஜாலான் பகாங் கோலாலம்பூர் மருத்துவமனையானாலும், அவசரப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதல் சிகிச்சை என்ற கணக்கு இல்லை. உயிருக்கு ஆபத்தானவர் சிவப்புப் பகுதிக்கும், அடுத்த நிலையில் உள்ளவர் மஞ்சளுக்கும், காத்திருக்கக் கூடியவர் பச்சைக்கும் அனுப்பப்படுவர். சிவப்புப் பகுதியின் கதவை மூடி உங்களை வெளியே நிற்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம். உள்ளே பலர் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

2. வாரிஸ்

"வாரிஸ் யார்?" என்று தாதி கேட்டதும் சிலருக்குக் குலை நடுங்கிவிடும். தமிழில் வாரிசு என்றால் சொத்துக்கு உரியவர். ஆள் போய்விட்டாரோ என்று நினைத்து அழுதுவிடுவார்கள். இரண்டும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவைதான். ஆனால் மருத்துவமனையில் அதற்கு, தகவல் சொல்ல வேண்டிய நெருங்கிய உறவினர் என்பதே பொருள்.

குடும்பத்தில் ஒருவரை வாரிஸாகத் தேர்ந்தெடுங்கள். மருத்துவரிடம் அவரே பேசட்டும். மற்றவர்களுக்கு அவரே சொல்லட்டும். பத்துப் பேர் பத்து முறை கேட்டால், பத்து முறையும் தாதி நோயாளியை விட்டு வர வேண்டியிருக்கும். அவர் கையில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, மருத்துவர் பெயர், சொன்னது, கேட்க வேண்டியது எல்லாவற்றையும் அதில் எழுதலாம்.

நோயாளி சாப்பிடும் மருந்துகளை அட்டையோடு அப்படியே கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். ஒவ்வாமை, நீரிழிவு, முன்பு செய்த அறுவை சிகிச்சை, நாட்டு மருந்து, கஷாயம் எதையும் மறைக்க வேண்டாம். யாரும் உங்களைத் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள்? ஏன்? என்ன ஆபத்து வரலாம்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்தால் முடிவு அவருடையது. உயிர் போகும் நிலையில் மருத்துவர்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

சந்தைக்கும் வங்கிக்கும் நம் மலாய் போதும். மூளையில் இரத்தக்கசிவு என்ற பேச்சுக்கு அது போதாமல் போகலாம். "தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டி அழுவார் என்று பயந்து, "தாத்தா நல்லா இருக்காரு" என்று மட்டும் அது சொல்லிவிடும். மருத்துவர் சொன்ன மீதி விஷயம் உங்களுக்கு வந்து சேராது. அதை வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

3. புவாசா

புவாசா என்றால் நோன்பு. நம் விரதத்தில் பால், பழம், இளநீர் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் புவாசா என்று சொல்லிவிட்டால், தாதி அனுமதிக்காத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. மயக்க மருந்து கொடுத்த பின் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், உயிருக்கே ஆபத்து. "பிள்ளை பசியோடு கிடக்கிறானே" என்று யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் மைலோ கொடுப்பது பாசம்தான். ஆனால் அந்த ஒரு வாயால் அறுவை சிகிச்சையே தள்ளிப் போகலாம்.

4. ஸ்தாபில்

"ஸ்தாபில்" என்றால் இப்போதைக்கு மோசமாகவில்லை என்று அர்த்தம். குணமாகிவிட்டார் என்று அல்ல. தலையில் அடிபட்டவரின் நினைவுநிலையை 3 முதல் 15 வரையுள்ள எண்ணால் குறிப்பார்கள். 15 என்றால் முழு விழிப்பு. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான நிலை. நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேளுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகும்போது கையைக் கழுவுங்கள். குழாய்களைப் பார்த்துப் பயந்து தள்ளி நிற்க வேண்டாம். எங்கே தொடலாம் என்று தாதியிடம் கேட்டு, கையைப் பிடித்து, உங்கள் பெயரைச் சொல்லி, வீட்டில் பேசுவது போலவே பேசுங்கள். கண் திறக்காதவருக்கும் காது கேட்கக்கூடும். ஆகவே செலவையும் சண்டையையும் கட்டிலருகே பேச வேண்டாம்.

5. கெலுவார் வார்ட்

வார்டை விட்டு வெளியேறலாம் என்பதற்கும் பூரண குணம் என்பதற்கும் வெகு தூரம். புறப்படும் முன் காயத்துக்குக் கட்டுப் போடுவது, தூக்கி உட்கார வைப்பது, உணவு ஊட்டுவது ஆகியவற்றைத் தாதியின் முன் நீங்களே ஒரு முறை செய்து காட்டுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். தலையில் அடிபட்டவருக்குக் கடும் தலைவலி, தொடர் வாந்தி, அதிகத் தூக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு வந்தால் 999-ஐ அழையுங்கள்.

பணக் கவலை இருந்தால், மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவைப் பார்க்க வேண்டும் என்று வார்டில் சொல்லுங்கள். வேலையிலோ, வேலைக்குப் போகும் வரும் வழியிலோ நடந்த விபத்துக்கு, நாம் சொக்சோ என்று சொல்லும் பெர்கெசோவின் பாதுகாப்பு உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். உணவு விநியோகம் செய்யும் பிள்ளைகள் சுயதொழில் திட்டத்தில் சந்தா கட்டியிருந்தால் அவர்களுக்கும் உண்டு. சாலை விபத்தைக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தப் புகாரின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. உங்கள் இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரவுக் காவலை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மனம் தாங்காவிட்டால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். நீங்கள் விழுந்தால் வீட்டில் இரண்டு நோயாளிகள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் மருந்து, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வைக்கச் சொல்லுங்கள். தேவைப்படாமலே போகட்டும். தேவைப்பட்டால், கை நடுங்கும் நேரத்தில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.