கட்டிப்போட்ட காவல் நாய்



தோட்டத்து நாய்க்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டதில்லை. விடியலில் பால் வெட்டச் செல்வோரைப் பின்தொடர்ந்து, நிரை நிரையாக ஓடி, உடும்பை விரட்டி, களைத்துவந்து லயத்து வாசலில் படுத்துவிடும். இன்று சிலிபின் வரிசை வீடுகளில் அதே நாய் ஆறடிச் சங்கிலியில் நிற்கின்றது. இரவெல்லாம் குரைக்கின்றது, கதவைப் பிராண்டுகின்றது, அவிழ்ந்தால் சாலையில் பிள்ளைகள்மீது பாய்கின்றது. முரட்டு நாய் என்கின்றோம். வேலையிழந்த நாய் என்பதே பொருத்தம். அல்சேஷன் ஆட்டு மந்தையை மேய்க்கவும், ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனங்கள் அல்லவா?

வெயில் ஏறுமுன்னும் சாய்ந்த பின்னும் வாரில் பிடித்து நடத்துவோம். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றது. நம் நாட்டுப் புழுக்கத்தில் நண்பகல் ஓட்டம் உயிரைப் பறித்துவிடக்கூடும். வயிறாரத் தின்றவுடன் ஓடவிடலாகாது. பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்துண்டு. குட்டிக்கு எலும்பு முற்றும்வரை நெடுந்தூர ஓட்டம் வேண்டா.

மூளைக்கும் வேலை தேவை. ஒரு காலத்தில் மரத்தில் பால் பிடித்த அதே தேங்காய்ச் சிரட்டை மூன்றைக் கவிழ்த்து, ஒன்றினடியில் எலும்பில்லாத வெந்த கோழித் துண்டை மறைத்து, மோந்து கண்டுபிடிக்கச் செய்வோம். கால்மணி நேரம் போதும்; மழை நாளில் இதுவே கைகொடுக்கும். பிள்ளைகளே சிரட்டையைக் கவிழ்க்கட்டும், பெரியவர் ஒருவர் அருகிலிருக்க.