பிச்சாவரத்தின் நோயும் மருந்தும்



உடல் தளர்ந்தவரும் உள்ளம் சோர்ந்தவரும் நீர்நிலைகளை நாடிச் செல்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். கடலூர் மாவட்டத்தில் அவ்வாறு நாடத்தக்க அமைதியான இடம் எது என்று என்னைக் கேட்டால், சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரம் என்னும் சிற்றூரையே சொல்வேன். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஏரி போலப் பரந்து கிடக்கிறது ஓர் உப்பங்கழி. அதன் நடுவே எண்ணற்ற சிறு தீவுகள். தீவுதோறும் பசுமை மாறாத அலையாத்திக் காடு.

துடுப்புப் படகில் அமர்ந்து கழிக்குள் செல்லும்போது, இருபுறத்து மரங்களும் தலைக்கு மேலே ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. துடுப்பு நீரைத் தள்ளும் ஓசையும் பறவைகளின் குரலும் அன்றி வேறு ஒலி இல்லை. அங்கே ஒரு நாழிகை இருந்தால் மனம் தெளிவடைகிறது. இதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். ஆனால் கண்ணை மூடி அமைதியை நுகர்வதோடு நின்றுவிடாமல், கண்ணைத் திறந்து அம்மரங்களையும் பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

உப்பு நீரில் மரம் எவ்வாறு வாழ்கிறது? சுரபுன்னை, கால்களை ஊன்றி நிற்பதுபோல் தாங்கு வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கிறது. உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அதன் விதை தாய் மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாக வளர்ந்த பிறகே கீழே விழுகிறது. வெண்கண்டல், உள்ளே வந்த உப்பைத் தன் இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. சேற்றில் காற்று இல்லாமையால் மூச்சு வேர்களை மேல்நோக்கி நீட்டிச் சுவாசிக்கிறது. மூன்றாவது மரம் தில்லை. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்தது இம்மரமே.

தில்லையின் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே மறைக்கும். நஞ்சுடைய சரக்குகளைச் சுத்தி செய்யாமல் மருந்தாக வழங்கலாகாது என்பது சித்த மருத்துவத்தின் கண்டிப்பான விதி. இலை என்றாலே மூலிகை, மூலிகை என்றாலே தீங்கற்றது என்று எண்ணுவோர் இன்று பலர். அவர்கள் தில்லை மரத்தின் எதிரே நின்று அவ்வெண்ணத்தை மறு ஆய்வு செய்வது நலம். இக்காட்டில் எந்தக் கிளையையும் ஒடிக்காதீர்கள். எந்த இலையையும் வாயில் இடாதீர்கள்.

நம்மை ஆற்றும் இக்காடே ஒரு காலத்தில் நோயுற்றுக் கிடந்தது. உயர்ந்த மரங்கள் கழியின் ஓரங்களில் மட்டும் நிற்க, உட்பகுதியில் பல இடங்கள் வெறும் உவர் வெளியாகிவிட்டன. ஆடு மாடுகள் மேய்ந்ததாலும், சுற்றியுள்ள ஏழை மக்கள் விறகுக்காக வெட்டியதாலுமே காடு அழிந்தது என்று அப்போது பலரும் கருதினர். ஆராய்ந்தபோது முதற்காரணம் வேறாக இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970-களின் முற்பகுதி வரையில், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொன்றாக அடியோடு வெட்டும் வழக்கம் இருந்தது. மரம் இழந்த மண் வெயிலில் காய்ந்து சுருங்கித் தாழ்ந்து, தட்டுப்போல் பள்ளமாயிற்று. பிச்சாவரத்தில் கடல் ஓதம் ஒரு மீட்டர் அளவுக்குக்கூட உயர்வது அரிது. ஆகவே ஓதத்தில் பள்ளத்திற்குள் புகுந்த நீர் திரும்ப வடியவில்லை. தேங்கிய நீர் ஆவியாயிற்று; உப்பு மட்டும் தங்கியது. நாளடைவில் உப்பையே உண்டு வாழும் கண்டலும் தாங்கமுடியாத அளவுக்கு மண் உவர்த்துவிட்டது. நட்ட நாற்றுகள் பட்டுப்போயின.

நோய் இன்னதென்று தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து பள்ளங்களில் வாய்க்கால்களை வெட்டியது. நடுவே ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளெலும்பு போன்ற அமைப்பு. நீர் ஏறியது, இறங்கியது. உப்பைக் கழுவிச் சென்றது. அதன் பிறகு நட்ட கண்டல் நாற்றுகள் வேர்பிடித்தன. உரம் இட்டோ நஞ்சு தெளித்தோ காடு மீளவில்லை. அடைபட்ட வழி திறந்தது. மற்றதைக் கடலே செய்தது.

இதன் பயன் என்ன என்பதை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் உலகம் கண்டது. ஆழிப்பேரலை அன்று, கடலை நேரே எதிர்நோக்கியிருந்த குப்பங்கள் பேரிழப்புக்கு உள்ளாயின; காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலூர்க் கரையை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன என்றது. அவ்வூர்கள் கடலிலிருந்து தொலைவிலும் மேட்டிலும் இருந்தமையும் காரணம் என்று வேறு அறிஞர்கள் மறுத்துரைத்தனர். இரு கருத்துகளையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். அன்பு கொண்ட பொருளைப் பற்றியும் அளந்து பேசுவதே கல்வி. 2022-இல் பிச்சாவரம் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பெற்றது.

இக்கழியை நம்பியே வாழ்பவர்கள் இருளர் மக்கள். வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். காடு செழித்தால் இறால் பெருகும். இறால் பெருகினால் அவர்கள் அடுப்பு எரியும். காட்டின் அழிவுக்கு ஏழைகளையே காரணம் காட்டி நின்றிருந்தால், காடும் பிழைத்திராது. அவர்கள் மீது சுமத்திய பழியும் நீங்கியிராது. மருத்துவம் எதற்கும் முதற்படி, நோயின் காரணத்தை நடுநிலையோடு தேடுவதே.

விடுமுறையில் பிச்சாவரம் செல்லுங்கள். காலைவேளையில் செல்லுங்கள். ஒலிபெருக்கியும் நெகிழிப் பையும் வேண்டாம். படகோட்டியிடம் ஓதம் ஏறும் நேரத்தையும், மரங்களின் பெயரையும் கேளுங்கள். அப்படியே அருகிலுள்ள பரங்கிப்பேட்டைக்கும் சென்று, வெள்ளாற்றின் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்தும் கடல் உயிரியல் நிலையத்தைக் கண்டு வாருங்கள். பிறகு உங்கள் ஊர் ஏரிக்குத் திரும்பி, அதன் வரத்துக் கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள்.