பெரியோர் கடிதங்களும் போலிகளும்



வரலாற்றுப் பெரியார் ஒருவர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தைப் பார்க்கும்போது, அவரையே நேரில் கண்டது போன்ற மகிழ்ச்சி உண்டாகிறது. அந்த மகிழ்ச்சிக்கு விலை உண்டு; விலையுள்ள இடத்திலே போலியும் உண்டு.

பிரான்சின் கணித மேதை மிஷெல் ஷால் 1861 முதல் 1869 வரை வ்ரேன்-லூக்கா என்பவனிடம் 27,000க்கும் அதிகமான கடிதங்களை வாங்கினார். கிளியோபாத்ரா சீசருக்கு எழுதியது, மகதலா மரியாள் லாசருவுக்கு எழுதியது என்று எத்தனையோ! எல்லாம் பிரெஞ்சு மொழியில், அதுவும் கடதாசியில்! கணித மேதைக்கு ஐயம் எழவில்லை.

1867இல் பஸ்காலின் கடிதங்கள் எனச் சிலவற்றை அவர் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் முன்வைத்தார். ஈர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்பே பஸ்கால் கண்டுவிட்டார் என்றன அவை. பஸ்கால் மறைந்தது 1662இல். அப்போது நியூட்டனுக்கு வயது 19. இருவரும் கடிதம் பரிமாறியதாகச் சொல்லப்பட்ட காலத்திலோ அவர் பள்ளிச் சிறுவன்! குட்டு வெளிப்பட்டது. 1870இல் லூக்காவுக்கு ஈராண்டுச் சிறை.

கடதாசியின் வயது, மையின் தன்மை, எழுத்தின் போக்கு, கடிதம் யார் யார் கைமாறி வந்தது என்னும் வரலாறு ஆகிய நான்கையும் ஆராய்ந்தே இன்று கடிதங்களை ஏற்கின்றனர். ஷாலை ஏமாற்றியது லூக்கா மட்டுமல்ல. தம் நாட்டுக்குப் பெருமை தேடிய அவரது ஆசையும்தான். நாம் கேட்க விரும்புவதையே ஒரு பழங்கடிதம் சொல்லுமானால், அதையே முதலில் சோதிக்க வேண்டும்.