நசுக்கத் தெரிந்த கை

ராதாபுரம், உவரி, திசையன்விளைப் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் பனையேறிக்கு ஓய்வு கிடையாது. மரமேறும்போது பாளை அரிவாளோடு ‘கடிப்பு’ என்ற கருவியும் கூடப் போகும். பாளையை இடையில் கொடுத்து நெரிப்பதற்கான மர இடுக்கி அது. பதநீர் என்றதும் பாளையைச் சீவுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், சீவுவதற்கு முன்பே அடுத்தடுத்துச் சில நாள் அந்தப் பாளையைக் கடிப்பால் நெரித்துப் பதப்படுத்தியாக வேண்டும். அதன் பிறகுதான் நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயம் கட்டுவார்கள். பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய இனிப்பு, சொட்டுச் சொட்டாகக் கலயத்தில் இறங்கும். புளித்துக் கள்ளாகிவிடாதபடி காப்பது கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பு.

நெரிப்பதில்தான் தொழிலே இருக்கிறது. கை அழுந்தாவிட்டால் பாளை சுரக்காது. மிஞ்சி அழுந்திவிட்டால் பாளை கெட்டுப்போகும். ஆண் பனையின் பாளைக்கு ஒரு பக்குவம், பிஞ்சுகள் ஒட்டியிருக்கும் பெண் பனையின் பாளைக்கு வேறொரு பக்குவம்.

பானம் கலக்குகிற எல்லாருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். நட்சத்திர விடுதிகளில் கண்ணாடிக் குவளைக்குள் புதினாவைப் போட்டு ஒரு கட்டையால் அழுத்துவார்களே, அங்கேயும் கேள்வி இதுதான்: எவ்வளவு நசுக்குவது? பதில், மணம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

புதினாவின் மணம் இலையின் மேற்பரப்பில், கண்ணுக்கு எளிதில் தெரியாத எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே அவை உடைந்துவிடும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாலும் போதும். விழுதாகும் வரை இடித்தால் இலைக்குள் இருக்கும் பச்சைச் சாறும் வெளியே வந்து, பானத்தில் பச்சிலை வாடையும் கசப்பும் ஏறிவிடும். துளசிக்கும் இதே கணக்குதான்.

இஞ்சியிடம் இந்த மென்மை செல்லாது. அதன் மணமும் காரமும் நாரோடு சேர்ந்து கிழங்குக்குள் இருப்பதால், அம்மியில் வைத்து ஓங்கித் தட்டத்தான் வேண்டும். சுக்காகக் காய்ந்துவிட்டால் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மாவாக்கினால் சாறு கலங்கி, அடியில் வண்டல் தங்கும்.

ஏலக்காயில் வாசனை கறுப்பு விதைக்குள். தோலை மட்டும் பிளந்து போட்டால் பாதி வாசனை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். நம் வீட்டில் ஏலக்காயோடு ஒரு கரண்டி சீனியையும் சேர்த்துப் பொடிப்பார்கள். சீனிக் குருணை விதையை உரசி உடைக்கிறது, கசிகிற எண்ணெயையும் வாங்கி வைத்துக்கொள்கிறது. பிரேசில் நாட்டுக் கைப்பிரின்யா என்ற மதுக்கலவையில் எலுமிச்சைத் துண்டுகளைச் சர்க்கரையோடு சேர்த்து அழுத்துவதும் இதற்காகத்தான். சர்க்கரை தோலை உரசும்போது தோலின் மணம் இறங்குகிறது.

எலுமிச்சையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மணம் மேல்தோலில், புளிப்பு சுளையில். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியும் விதையும் கசப்பு. கடைசிச் சொட்டு வரை விடமாட்டேன் என்று முறுக்கிப் பிழிகிறவர் கசப்பையும் சேர்த்தே பிழிகிறார்.

கோயில் கொடைக்குக் கரைக்கிற பானக்காரத்தை இந்தக் கோடையில் வீட்டிலேயே செய்து பாருங்கள். புளியை ஊறவைத்துக் கையால் கரைத்து வடிகட்டுங்கள். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து அதையும் வடிகட்டுங்கள்; மண்ணும் தூசும் போய்விடும். இரண்டையும் கலந்து, ஒன்றிரண்டாக இடித்த சுக்கையும் பொடித்த ஏலக்காயையும் போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். எலுமிச்சை பிடிக்குமென்றால் அரை மூடியை லேசாகப் பிழியுங்கள். துளசியைக் கடைசியில், கையில் ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள்.

குடித்துப் பார்க்கும்போது கசந்தால் எலுமிச்சையை அதிகம் பிழிந்திருக்கிறீர்கள். பச்சிலை வாடை அடித்தால் துளசியைக் கசக்கிவிட்டீர்கள். வாசனையே எழவில்லையென்றால் ஏலக்காய் விதை உடையவில்லை. அடுத்த முறை மாற்ற வேண்டியது சாமானை அல்ல, கையின் அழுத்தத்தை.