நனைந்த நார்

பூ வாங்கத் தெரியாத மதுரைக்காரர் கிடையாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு எத்தனை மணிக்குப் போனால் நயமான சரக்கு கிடைக்கும், சித்திரை வீதியில் முழம் என்ன விலை, பனி விழுகிற தை மாதத்தில் மல்லி ஏன் கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேச வந்தது வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றி. காலையில் கொடியை விட்டு வந்த பூ, ராத்திரி வரவேற்பு முடிகிறவரை பூவாகவே இருக்க வேண்டும். அதற்கு என்ன வழி?

மாலை கட்டுவது எனக்குத் தொழில். மேடை அலங்காரமும் செய்கிறேன். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. இப்போது எந்தக் கல்யாண மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும் செங்கல் செங்கலாகப் பச்சை ஸ்பாஞ்ச் அடுக்கியிருக்கும். அதில் ஜெர்பெராவையும் கார்னேஷனையும் குத்தி நிறுத்தியிருப்பார்கள். முன்பக்கம் கண்ணைப் பறிக்கும், பின்பக்கம் பார்க்கச் சகிக்காது. அந்த ஸ்பாஞ்ச் 1954இல் அமெரிக்காவில், ஓஹையோவில், ஸ்மிதர்ஸ் என்பவரின் கம்பெனி கொண்டுவந்த சரக்கு. தண்ணீரை நன்றாகக் குடித்து வைத்துக்கொள்ளும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பிளாஸ்டிக், மக்காது. விசேஷம் முடிந்ததும் தூள் தூளாக உதிர்ந்து சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து வைகைக்குப் போகும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன்னுடைய மலர்க் கண்காட்சிகளில் 2021லிருந்து இதைக் கூடாது என்று விலக்கிவிட்டது. அவர்கள் கைவிட்டதை நாம் லாரி லாரியாக வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் பேசும்போது பெண்ணின் தம்பி சொன்னார்: "அக்கா, மல்லியெல்லாம் பழைய ஸ்டைல்க்கா. ஆர்க்கிட் வச்சு, எல்லாம் வெளிர் கலர்ல பண்ணிக் குடுங்க." நான் சொன்னேன்: "பண்ணிரலாம் தம்பி. ஆனா உங்க அக்கா தலைக்கு என்ன வைப்பீங்க, ஆர்க்கிட்டா?" பக்கத்தில் இருந்த அவருடைய அப்பத்தா சிரித்த சிரிப்பில் மல்லிக்குத் தனியாக ஆர்டர் வந்தது.

ஜாடியில் வைக்கிற பூக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோஜாவோ சம்பங்கிக் கதிரோ, காம்பு வழியாகத் தண்ணீர் குடிக்கிற பூ. காம்பை வெளியில் வெட்டினால் வெட்டுவாயில் காற்றுக் குமிழி ஏறி அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு வாளித் தண்ணீருக்குள் காம்பை வைத்து, உள்ளேயே சாய்வாக வெட்டுங்கள். ஜப்பானியர் தங்கள் பூ அலங்காரக் கலையில் இதற்கு மிசுகிரி என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் இலை கிடக்கக்கூடாது. அழுகினால் கிருமி பெருகும், கிருமி காம்பை அடைக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். சர்க்கரை போட்டால் சம்பங்கியில் மேல்மொட்டுகளும் விரியும் என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை கிருமிக்கும் சாப்பாடு. கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் ஒரு சொட்டு பிளீச்சிங் திரவமும் சேர்க்காமல் சர்க்கரையை மட்டும் போடாதீர்கள். ஜெர்பெராவுக்கு இரண்டு விரல் ஆழத் தண்ணீர் போதும், அதற்கு மேல் போனால் தண்டு அழுகித் தலை சாயும். கார்னேஷனையும் ஆர்க்கிட்டையும் பழத்தட்டுப் பக்கம் வைக்காதீர்கள். பழுக்கிற வாழையும் மாம்பழமும் எத்திலீன் வாயுவை விடும், பூ சீக்கிரம் சுருங்கிவிடும். நம் வீட்டு விசேஷங்களில் தாம்பூலத் தட்டையும் பூச்சாடியையும் ஒரே மேசையில்தான் வைக்கிறோம்.

சரி, மல்லிக்கு வருவோம்.

மல்லிக்குக் காம்பு வழியாகக் குடிக்கிற பேச்சே இல்லை. தண்டோடு நாம் அதைப் பறிப்பதில்லை, மொட்டு மொட்டாகக் கிள்ளி எடுக்கிறோம். கிள்ளுகிற நிமிஷத்தில் மொட்டுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறதோ அவ்வளவுதான் அதன் கையிருப்பு. அதற்கு மேல் நீங்கள் குடம் குடமாக ஊற்றினாலும் உள்ளே போகாது. ஆகவே மல்லிக்குத் தண்ணீர் கொடுப்பது நம் வேலை அல்ல. இருக்கிற நீர் வெளியேறாமல் பார்ப்பதுதான் வேலை. இன்னொரு முறை சொல்கிறேன். கொடுப்பது அல்ல, போகாமல் பார்ப்பது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அத்தை அவனியாபுரத்துக்காரர். பள்ளிக்கூடம் போனதில்லை. பூக்கூடையில் யாராவது தண்ணீர் தெளித்தால் கையைத் தட்டிவிடுவார். "பூவுக்குத் தண்ணி காட்டாத, நாருக்குக் காட்டு" என்பார். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலின் மொத்த ரகசியமும் அந்த ஒரு வரிதான்.

வாழைநார் என்பது வாழைத்தண்டைச் சுற்றியிருக்கிற மட்டையைக் காயவைத்து உரித்து எடுப்பது. கட்டாகக் கட்டி விற்பார்கள். கட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். நனையாத நார் ஒடியும். சொட்டச் சொட்ட நனைந்த நார் வழுக்கும். தொட்டால் விரல் ஈரமாக வேண்டும், சொட்டு மட்டும் விழக்கூடாது. அதுதான் பதம். அந்தப் பதத்தில் நகத்தால் கீறி, பூவுக்கு ஏற்ற அகலத்தில் இழை எடுப்போம். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்த்து, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் பார்த்து, காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளையம் போட்டு இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. தளர்ந்தால் மொட்டு உதிரும். இறுக்கினால் காம்புக் குழல் நசுங்கி, நசுங்கிய இடத்திலிருந்து பழுப்பேறத் தொடங்கும். பழுப்பு ஒருமுறை ஏறினால் இறங்காது.

இப்போது நாருக்குப் பதிலாக நூல் வந்துவிட்டது. நூலில் கட்டினால் வேகம், கூலி மிச்சம், நாரை நனைக்கிற வேலை இல்லை. ஆனால் நூல் மெலிசு, காம்பில் கத்தியாகப் பதியும். நார் பட்டையாக இருப்பதால் பிடிக்கும், வெட்டாது. அதைவிட முக்கியம், நாருக்குள் ஈரம் நிற்கும். ஒரு முழம் சரத்தில் நடுவே ஓடுகிற அந்த ஈர நார், சுற்றியுள்ள அத்தனை மொட்டுக்கும் பக்கத்துக் காற்றைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும். காற்று ஈரமாக இருந்தால் மொட்டிலிருந்து நீர் மெதுவாகத்தான் வெளியேறும். மொட்டின் மேல் தண்ணீரே படாமல், மொட்டைச் சுற்றி ஈரம். பூவுக்குக் காட்டாதே, நாருக்குக் காட்டு. அத்தை சொன்னதற்கு விஞ்ஞானம் இவ்வளவுதான்.

இதழில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிய பூவைப் பிரித்துப் பாருங்கள். பறித்த பிறகும் மொட்டு மூச்சு விடுகிறது, மூச்சு விட்டால் சூடு வரும். பைக்குள் அந்தச் சூடும் வியர்வையும் சேர்ந்து இதழ் ஊறி நிறம் மாறிவிடும். "பூ வெந்துருச்சு" என்று மார்க்கெட்டில் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சாக்கில் இறுக்கி அடைத்து வருகிற பூவில் நடுச்சாக்குப் பூதான் முதலில் வேகும், கையை உள்ளே விட்டால் கதகதப்பு தெரியும். வாழையிலையில் சுற்றிய பூவுக்கு அந்தக் கதி வருவதில்லை. இலை ஈரத்தை விடாது, ஓரத்தில் காற்றும் போகும். முன்பெல்லாம் மடிப்பு மடித்து வாழைநாராலேயே கட்டிக் கொடுப்பார்கள். இப்போது கேட்டால்தான் கொடுக்கிறார்கள். கேளுங்கள்.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெருமையில் பாதி வாடாமல் நிற்கிற குணத்துக்குத்தான் என்பேன். இதழ் தடிமன், காம்பு நீளம், நெடுநேரம் நிற்கிற வாசனை. இதழ் தடித்திருந்தால் நீர் மெதுவாகப் போகும். காம்பு நீண்டிருந்தால் நார் பிடிக்க இடம் இருக்கும். நாற்று ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது, ஆனால் உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டை மண்ணில் ஊன்றிய பிறகு அது எங்கள் ஊர்ப் பூ. தங்கச்சிமடத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

மொட்டு எப்போது பறிக்கப்படுகிறது என்பதும் பாதி விதி. பொழுது விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் விரியப் போகிற மொட்டைத்தான் எடுப்பார்கள். வெளுத்து, உப்பி இருக்கும். பச்சை ஓடிய பிஞ்சு மொட்டைப் பறித்தால் அது விரியவே விரியாது, அப்படியே சுருங்கும். மொட்டாகப் பறித்து, மொட்டாகக் கட்டி, தலையில் பூக்க வேண்டும். கடையிலேயே விரிந்து கிடக்கிற சரத்தை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், மூடிய டப்பாவில். குளிர் விரிதலை நிறுத்தி வைக்கும், உண்மை. ஆனால் ஃபிரிட்ஜ் காற்று வறண்ட காற்று, திறந்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்தால் இதழ் கருகும். டப்பா சரியாக மூடாவிட்டால் மறுநாள் மோரில் மல்லி வாசனை அடிக்கும். என் வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பெரிய உரையே நிகழ்த்துவார். இரண்டாம் நாள் அந்தப் பூ வெள்ளையாக இருக்கும், வாசனை பாதிதான் இருக்கும். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்புகிறார்கள், அங்கே வேறு வழியில்லை. மதுரையில் இருந்துகொண்டு நேற்றைய பூவை ஏன் வைக்க வேண்டும்?

கல்யாண மண்டபங்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி காற்று நேராக மாலை மேல் அடிக்கிற மாதிரி மேடை போடுகிறார்கள். ஒரு மண்டபத்தில் நான் எவ்வளவோ சொல்லியும் அந்த ஏசியின் திசையை மாற்றவில்லை. முகூர்த்தம் முடிவதற்குள் மாலையின் ஒரு பக்கம் மட்டும் வாடித் தொங்கியது. போட்டோவில் பார்த்துவிட்டுப் பழியை என் மேல் போட்டார்கள். வெயிலைவிட வறண்ட காற்று பொல்லாதது. வீடியோ விளக்குச் சூடும் சேர்ந்தால் எந்த நாராலும் காப்பாற்ற முடியாது.

வெயிலைப் பற்றிச் சொல்லும்போது சித்திரைத் திருவிழாவைச் சொல்லாமல் முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரைக்கு வருகிறது. தல்லாகுளம் பெருமாள் கோயிலில் கள்ளழகர் அதைச் சாத்திக்கொண்டு வைகையில் இறங்குகிறார். கட்டி, ஒருமுறை சாத்தி, களைந்து, எழுபது எண்பது கிலோமீட்டர் சித்திரை வெயிலில் கொண்டுவந்து, மறுபடியும் சாத்த வேண்டும். தெர்மாகோலும் ஃபிரிட்ஜும் இல்லாத காலத்திலிருந்து நடக்கிற காரியம் இது. பக்தர்கள் அழகரைப் பார்ப்பார்கள். நான் கும்பிட்டுவிட்டு மாலையின் முடிச்சைப் பார்ப்பேன். எங்கள் தொழில்காரர்கள் எல்லோரும் அப்படித்தான், சாமி கோபித்துக்கொள்ளாது.

நாளைக்குப் பூ வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். சரத்தைப் புரட்டி முடிச்சைப் பாருங்கள், நூலா நாரா என்று. நாராக இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கிறதா என்று. பிறகு கட்டுகிற அக்காவின் பக்கத்தைப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் அதன் மேல் ஈரத் துணி சுற்றிய நார்க்கட்டும் இருந்தால் விலை பேசாமல் வாங்குங்கள். பூவின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.