பிறந்த எடையை மறந்துவிடாதீர்கள்!



அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தில் பிள்ளையின் பிறந்த எடை எழுதப்பட்டிருக்கும். தடுப்பூசிகள் முடிந்து, பிள்ளை பள்ளிக்குப் போனதும் அந்தப் புத்தகம் அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆனால் 40 வயதில் வரும் நோய்க்கும் அந்த எடைக்கும் தொடர்பு உண்டு என்கிறது மருத்துவம்.

இதைக் கண்டறிய உதவியவை தாதியரின் ஏடுகளே. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷியர் வட்டாரத்தில் 1911 முதல் குழந்தைகளின் பிறந்த எடையையும் ஒரு வயது எடையையும் தாதியர் குறித்து வைத்தனர். டாக்டர் டேவிட் பார்க்கர் குழுவினர் அந்த ஏடுகளை ஆராய்ந்து 1989-இல் முடிவை வெளியிட்டனர். 1930 வரை பிறந்த 5,654 ஆண்களில், சிறு வயதில் எடை குறைந்திருந்தவர்களிடையே இருதய நோய் மரணம் கூடுதலாக இருந்தது. கருவில் சத்து குறைந்தால் உடல் மூளையைக் காப்பாற்றிவிட்டு, தசை, கணையம், சிறுநீரகம் ஆகியவற்றின் வளர்ச்சியில் சிக்கனம் பிடிக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இது வெள்ளைக்காரர் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவின் புனே வட்டாரத்தில் டாக்டர் யாக்னிக் குழுவினர் ஆராய்ந்த குழந்தைகளின் சராசரிப் பிறந்த எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் எடை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு!

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய 31 விழுக்காடு. இங்கே ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில், மோனாஷ் பல்கலைக்கழகம் 2011 முதல் பல்லின மக்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்து வருவதும் இத்தகைய நோய்களைப் புரிந்துகொள்ளத்தான்.

சிறியதாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்ததும் பாட்டிமார்களுக்கு மனம் தாங்காது. "புள்ள எலும்பும் தோலுமா இருக்கே" என்று கட்டிப்பாலும் இனிப்பும் ஊட்டுவார்கள். அன்புதான், ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. புதுடில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. பின்னாளில் சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள், 2 வயது வரை மெலிந்திருந்து, அதன்பின் வேகமாகச் சதை போட்டவர்கள். 12 வயதில்கூட அவர்கள் குண்டுப் பிள்ளைகளாக இருக்கவில்லை!

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு முட்டை, மீன், பருப்பு, கீரை கலந்த உணவு. முதல் 2 ஆண்டுகளில் நல்ல வளர்ச்சி அவசியம். அதற்குமேல் உயரத்தை மிஞ்சி எடை ஏறினால் மிசியிடம் காட்டுங்கள்.

கர்ப்பக் காலத்தில் இனிப்புநீர் கண்ட தாய்மார்கள் பிரசவத்தோடு தொல்லை விட்டது என்று இருந்துவிடக் கூடாது. 6 வாரத்தில் மறுபரிசோதனை, பிறகு ஆண்டுதோறும் ஒரு முறை. தாய்க்கும் பிள்ளைக்கும் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல். வீட்டில் புகைக்கும் அப்பாக்களுக்கும் பொறுப்பு உண்டு. அந்தப் புகை கருவின் எடையைக் குறைக்கும்.

பிறந்த எடை தலையெழுத்தல்ல. முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை. பிள்ளைக்கு 20 வயதானாலும் அந்தப் புத்தகத்தை வீசிவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "நான் பிறந்தபோது இவ்வளவு எடை" என்று அவர்களே சொல்லட்டும்.