அடுத்த வீட்டுக் குழந்தைகள்



உலகத்துச் சச்சரவுகளைப் பெரியவை என்றும் சிறியவை என்றும் இரண்டாகப் பிரித்தால், அடுத்த வீட்டுக் குழந்தைகள் நம் முற்றத்தில் வந்து கூச்சலிட்டு விளையாடுவதைச் சிறியவற்றோடுதான் சேர்க்க வேண்டும். ஆயினும், பல்லாண்டு பழகிய இரண்டு குடும்பங்கள் ஒரு பந்தின் பொருட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வதை நாம் பார்க்கிறோம். எல்லைக் கல்லைப் பற்றிய வழக்கை நீதிமன்றம் தீர்த்து வைக்கும். பந்தைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அது மனத்திலேயே தங்கிவிடுகிறது. ஆதலால் இந்தச் சிறிய பொருளைப் பற்றி இன்று சிறிது நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

நான் சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் வாழ்கிறவன். சமவெளி ஊர்களைவிட இங்கே இந்தச் சிக்கல் சற்றுக் கடுமையானது. அதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால், ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. 1820-களில் சேலம் ஜில்லாவின் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்து நட்டார். அதன் பின்னர்ப் பல சரிவுகள் தோட்டங்களாயின. சில்வர் ஓக் மரங்கள் நிழல் தர, அவற்றின்மேல் மிளகுக் கொடி படர, கீழே காப்பி வளர்ந்தது. காப்பிச் செடிக்குச் சரிவான நிலம் போதும். குழந்தையின் பந்துக்குப் போதாது. கையைவிட்டு நழுவிய பந்து கீழ்த் தோட்டத்தில் போய்த்தான் நிற்கும்.

ஆகவே குழந்தைகள் சமமான இடத்தைத் தேடுகிறார்கள். மலையில் சமமான இடம் என்பது எவை? காப்பி உலர்த்தும் களம் ஒன்று. பங்களாக்களின் முன்முற்றம் ஒன்று. பள்ளிக்கூட மைதானம் ஒன்று. தார்ச் சாலை ஒன்று. 1894-இல் தோன்றிய திரு இருதயப் பள்ளியும் 1917-இல் தோன்றிய மான்ட்போர்ட் பள்ளியும் ஏற்காட்டுக்குப் புகழ் தேடித் தந்தவை. அவற்றின் மைதானங்கள் அங்குப் பயிலும் மாணவர்களுக்கு உரியவை. களமும் முற்றமும் தனியார் சொத்து. எஞ்சி நிற்பது சாலை ஒன்றே. நான் இன்று சொல்ல விரும்பும் செய்தி இதில்தான் இருக்கிறது. முற்றத்திலிருந்து விரட்டப்பட்ட குழந்தை நேராக வீட்டுக்குள் போய்ப் பாடப் புத்தகத்தைத் திறப்பதில்லை. வேறொரு சம நிலத்தைத் தேடிப் போகிறது. எங்கள் மலையில் அது பெரும்பாலும் சாலை வளைவாக முடிகிறது. கோடை மாதங்களில் அந்த வளைவில் வரும் வண்டிகளின் எண்ணிக்கையை எண்ணினால் நெஞ்சம் நடுங்கும். “போங்கள்” என்று சொல்லும் முன், “எங்கே போவார்கள்?” என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை.

இப்படிச் சொல்வதால், வீட்டுக்காரருக்கு உரிமையே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நோயாளி உறங்கும் வீடு உண்டு. இரவு முழுவதும் பணி செய்து பகலில் கண்ணயரும் செவிலியர் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் உங்களைப் போன்றவர்களும் உண்டு. காப்பிக் களத்தின் சங்கதி தனி. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் தோல் நீக்கிக் கழுவிய காப்பிக் கொட்டையை மெல்லிய பரப்பாக விரித்து, நாளுக்குப் பலமுறை கிளறிக் காயவைப்பார்கள். அதன்மேல் சேற்றுக் காலோடு நாலு பேர் ஓடினால் ஓராண்டு உழைப்பு கெடும். அந்த நேரத்தில் தோட்டக்காரர் உரக்கக் குரல் கொடுத்தால் அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்வது நியாயமாகாது.

குழந்தைகள் மீது நமக்கு வரும் கோபத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று சத்தம், இரண்டு, கேளாமல் உள்ளே வருதல், மூன்று, பொருளுக்கோ உயிருக்கோ நேரும் கேடு. மூன்றையும் ஒன்றாகக் கலந்து கோபித்துக்கொள்வதால்தான் நமக்கு வழி புலப்படுவதில்லை.

முதலில் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுத்திருக்கின்றன. இரவு என்பது அங்கே 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆனால் குழந்தையின் குரலை, ஒலிபெருக்கியையும் யந்திரத்தையும் அளக்கும் கோலால் அளப்பது முறையா? இந்தக் கேள்வி வேறு நாடுகளில் சட்டசபை வரை சென்றது. ஜெர்மனியில் குழந்தைக் காப்பகங்களின் இரைச்சலைக் குறித்து அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்து வந்தனர். 2011-இல் அந்த நாடு, காப்பகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் எழும் குழந்தைகளின் ஒலியைப் பொதுவாகத் தீங்கு தரும் இரைச்சலாகக் கருதலாகாது என்று சட்டத்தைத் திருத்தியது. ஜப்பானின் டோக்கியோ நகரம் 2015-இல், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளின் குரலை டெசிபல் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. அமைதியையும் ஒழுங்கையும் பெரிதும் போற்றும் இரண்டு நாடுகள் இந்த முடிவுக்கு வந்தது கவனிக்கத் தக்கது. ஆனால் அந்தச் சட்டங்கள், பிறர் நிலத்தில் நுழைய எவருக்கும் அனுமதி தந்துவிடவில்லை. சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது வேறு. எல்லையைத் தாண்டுவது வேறு.

எல்லையைத் தாண்டுவதைப் பற்றி நம் சட்டம் என்ன சொல்கிறது? பிறர் இடத்தில் நுழைவது குற்றமாவதற்கு, குற்றம் செய்யவோ, அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ வேண்டும் என்ற எண்ணம் இருந்தாக வேண்டும். பந்தை எடுக்க ஓடி வரும் சிறுவனிடம் பந்தைத் தவிர வேறு எண்ணம் ஏது? மேலும், 7 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் செயல் எதுவும் குற்றமாகாது. 7 முதல் 12 வயது வரையில், செய்வதன் விளைவை உணரும் முதிர்ச்சி இல்லையாயின் குற்றமாகாது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்தக் கொள்கை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் மாறாமல் இருக்கிறது. எனவே “போலீஸைக் கூப்பிடுவேன்” என்று எட்டு வயதுப் பிள்ளையை மிரட்டுவதில் பொருள் இல்லை. வெளியே போகச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு எப்போதும் உண்டு. அதற்குமேல் சென்றால் நகைப்புக்கு இடமாகும்.

சிலர் அதற்கும் மேலே செல்கிறார்கள். மதிலின்மேல் கண்ணாடிச் சில் பதிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கம்பி கட்டுகிறார்கள். பீகாரில் 1959-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். அடுத்த வீட்டார் தம் கழிப்பிடத்தின் சுவர் இடிந்துவிட்டதால், இவருடைய கழிப்பிடத்துக்கு வரத் தொடங்கினார்கள். இவர் வாயால் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை. பிறகு வழியில் மின்சாரம் பாயும் கம்பியைக் கட்டினார். அடுத்த வீட்டுப் பெண்மணி ஒருவர் அதைத் தொட்டு இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவர் சட்டத்தின் காப்பை இழந்துவிடுவதில்லை என்று கூறி, 1963-இல் அந்த நீதிமன்றம் அவருடைய தண்டனையை உறுதிப்படுத்தியது. அறிவு முதிர்ந்த பெரியவருக்கே இந்தக் காப்பு உண்டென்றால், குழந்தைக்கு எவ்வளவு வேண்டும்? இங்கிலாந்தில், உடைந்த வேலியின் வழியே ரெயில் பாதைக்குள் சென்ற ஆறு வயதுச் சிறுவன் மின்சாரம் பாயும் தண்டவாளத்தால் பெருங்காயம் அடைந்தான். 1972-இல் பிரபுக்கள் சபை, வேலியைப் பழுது பார்க்காத ரெயில்வே நிர்வாகமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. குழந்தைகள் வருவார்கள் என்று தெரிந்திருந்தும் ஆபத்தைத் திறந்து வைத்திருப்பது மனிதத் தன்மை ஆகாது என்பதே அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பு எங்கள் மலைத் தோட்டங்களுக்கு மிகவும் பொருந்தும். காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் யந்திரம், நீர்த் தொட்டி, பூச்சி மருந்து டப்பா, புதர் மூடிய பழைய கிணறு ஆகியவை தோட்டங்களில் இருக்கக் கூடியவை. குழந்தைகளை விரட்டுவதற்கு முன்னர், தொட்டிக்கு மூடி போடுவதும் மருந்து அறையைப் பூட்டுவதும் முதல் வேலை. விரட்டிய பின்னரும் அவர்கள் வருவார்கள். அப்போது யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என் வீட்டு முன்னால் ஒரு சிறு களம் உண்டு. அறுவடைக் காலம் போக மற்ற மாதங்களில் அது வெறுமையாகக் கிடக்கும். மேல் சரிவில் உள்ள வீடுகளின் பிள்ளைகள் மாலை தோறும் அங்கே வருவார்கள். நான் முதலில் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டேன். பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளை பாதிக் கூச்சலைத் தானாகவே குறைத்துவிடுகிறது. கூட்டத்தில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றும் பார்த்து வைத்தேன். அவள் பதினொரு வயதுச் சிறுமி. அவளை அழைத்து, “கண்ணு, பள்ளி விட்டதிலிருந்து விளக்கு வைக்கும் வரை களம் உங்களுக்கு, பிறகு எனக்கு. காப்பி காயும் மாதங்களில் முழுவதும் எனக்கு. சம்மதமா?” என்றேன். அவள் சற்று யோசித்து, “ஞாயிற்றுக்கிழமை, தாத்தா?” என்று கேட்டாள். காலையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன். அவர்களுடைய பெற்றோரிடம் அதற்குப் பிறகே பேசினேன். குறை சொல்வதற்காக அல்ல, ஏற்பாட்டைத் தெரிவிப்பதற்காக. இடையில் ஒருநாள் தண்ணீர்க் குழாய் உடைந்தது. உடைத்தவனும் அவன் தகப்பனாரும் வந்து, புதிய குழாயைப் பொருத்திவிட்டுப் போனார்கள். சத்தம் இன்றும் இருக்கிறது. ஆனால் எப்போது தொடங்கும், எப்போது ஓயும் என்பது எனக்குத் தெரியும். அந்த அளவு தெரிந்துவிட்டாலே பொறுமை வருவது எளிதாகிறது.

ஒரு முற்றத்தின் தயவால் ஓர் ஊரின் தேவை தீராது. ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகளின் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. அந்த உரிமை காகிதத்தை விட்டு மண்ணுக்கு வர வேண்டுமானால் ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு சம நிலம் வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் அங்கே எழுந்து, “எங்கள் தம்பி தங்கைகளுக்கு விளையாட இடம் எங்கே?” என்று கேட்கலாம். அந்தக் கேள்வி வீட்டுக்காரரின் அமைதிக்காகவும் கேட்கப்படுவதே.

பள்ளி மாணவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் இப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பந்து உள்ளே விழுந்தால் ஒருவர் மட்டும் வாசல் வழியாகச் சென்று கேட்டு வாங்குங்கள். பத்துப் பேர் மதில் ஏற வேண்டாம். திறந்த படலைச் சாத்திவிட்டு வாருங்கள். உடைத்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்த வீட்டில் யாரேனும் நோயுற்றிருந்தால், அன்று ஆட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு வரும் பிள்ளையை மறுக்கும் மனம் பெரும்பாலோர்க்கு வருவதில்லை.

சில ஆண்டுகளில் உங்களில் பலர் மதிலுக்கு இந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். சொந்த வீடும் சிறு முற்றமும் இருக்கும். மாலையில் அங்கே சில குழந்தைகளின் கூச்சல் கேட்கும். அப்போது முதலில் உங்கள் தொட்டி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வெளியே வந்து, அவர்கள் பெயரைக் கேளுங்கள். நேரத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.